வசந்தி, அந்த ஹால் படம் பத்தி

வசந்தி,

கிரகப்பிரவேசத்துக்கு வர முடியல, அதே வாரம்தான் அம்மாவுக்கு கண் ஆபரேஷன். இப்ப நல்லா இருக்காங்க, சொட்டு மருந்து போடற நேரத்துல மட்டும் என்கிட்ட சண்டை. பாலா ஃபோன் பண்ணி உன் வீட்டு சாப்பாட்டப் பத்தியே அரை மணி நேரம் பேசினா, வீட்டப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல, அவ எப்பவும் அப்படித்தானே.

நீ அனுப்பின ஃபோட்டோ எல்லாம் பாத்தேன். வீடு ரொம்ப அழகா இருக்குடி, அந்த பால்கனிக்கே தனியா கண்ணு பட்டுடும். ஆனா ஹால்ல சோஃபாக்கு மேல பெரிய மர ஃப்ரேம்ல மூணு படம் மாட்டியிருக்கியே, அத ஜூம் பண்ணிப் பாத்ததுலேர்ந்து மனசே சரியில்ல, அதான் வாட்ஸ்அப்ல ரெண்டு வரியோட விடாம இவ்ளோ எழுதறேன். கடைக்காரர் மைசூர் ராஜா காலத்துப் படம்னு சொல்லிக் குடுத்தார்னு போட்டிருந்த. அது திப்புவோட வீழ்ச்சிடி. ஒண்ணு கோட்டைய உடைச்சு ஏறுறது, ஒண்ணு திப்பு செத்துக் கெடக்கறது, நடுவுல இருக்கறது அவரோட பசங்கள வெள்ளக்காரன்கிட்ட பிணையா ஒப்படைக்கறது.

திப்புவோட ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது 1799 மே 4. அடுத்த வருஷமே லண்டன்ல கெர் போர்ட்டர்னு இருபதுகள்ல இருந்த ஒரு ஓவியர், இந்தியாவயே பாக்காதவர், அந்தச் சண்டைய 120 அடி நீளத்துக்கு வரைஞ்சு வெச்சார், ஜனங்க காசு குடுத்து வந்து பாத்தாங்க. அந்தத் துணி இப்ப இல்ல, அதப் பாத்து செதுக்கி அச்சடிச்ச பிரிண்ட்தான் மிச்சம், உன் வீட்டுல இருக்கற கோட்டைப் படம் அதோட காப்பி மாதிரிதான் தெரியுது. இன்னொண்ணு டேவிட் வில்கி வரைஞ்சது, 1839, சண்டை முடிஞ்சு நாப்பது வருஷம் கழிச்சு. பேர்டுங்கற ஜெனரலோட மனைவி, புருஷன் செத்தப்புறம் காசு குடுத்து வரையச் சொன்னது. அதனால அதுல வெளிச்சமெல்லாம் பேர்டு மேலதான், கீழ கெடக்கற திப்பு அவர் ஜெயிச்சதுக்கு சாட்சி மாதிரி. ஆனா அந்தாளு காலடில ஒரு கம்பி ஜன்னல் இருக்கும் பாரு, அது பாதாளச் சிறையோடது. 1780ல பிடிபட்டு அதே ஊர்ல கிட்டத்தட்ட நாலு வருஷம் கைதியா கெடந்தவர் அவர். அவர் பட்டதும் நெஜம்தான், அத நான் இல்லன்னு சொல்லல.

ஆனா உடம்ப தேடி எடுத்தப்ப கூட இருந்த மேஜர் ஆலன் எழுதி வெச்சிருக்கறதப் படிச்சா வேற மாதிரி இருக்கு. வெள்ளை மேல்சட்டை, பூப்போட்ட சீட்டித் துணில கால்சட்டை, தலைல ஒண்ணும் இல்ல, தலைப்பாகை எங்கயோ விழுந்துடுச்சு, கைல ஒரு தாயத்து, நகைன்னு எதுவும் இல்ல. கோட்டை வாசல்ல செத்தவங்க குவியலுக்குள்ளேர்ந்து அப்படித்தான் எடுத்திருக்காங்க. இந்த நாலு வரி எனக்கு அந்த மூணு படத்தையும் விட பெருசா படுது.

சரி, அந்த ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும். நடுப் படத்துக்கு வரேன். 1792 பிப்ரவரி. அதுக்கு முந்தின சண்டைல தோத்த திப்பு பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் குடுக்கணும்னு ஒப்பந்தம், நம்ம திண்டுக்கல், சேலம், கிருஷ்ணகிரி பக்கமெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது அதுலதான். பணம் வந்து சேர்ற வரைக்கும் பசங்க பிணை. அப்துல் காலிக்குக்கு பத்து வயசு இருக்கும், மொய்ஸுதீனுக்கு எட்டு. மெட்ராஸ்ல வெச்சிருந்து 1794லதான் திருப்பி அனுப்பினாங்க. இந்தக் காட்சிய எத்தனை பேர் வரைஞ்சாங்க தெரியுமா, ராபர்ட் ஹோம் மட்டும்தான் கம்பெனிப் படையோடயே வந்தவர், மேதர் பிரவுன், சிங்கிள்டன் எல்லாம் இங்கிலாந்துல உக்காந்தே வரைஞ்சாங்க. கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கின காரன்வாலிஸ் பாசமா அப்பா மாதிரி பசங்க கையப் பிடிச்சுக்கறாரு. 1781ல அமெரிக்கால யார்க்டவுன்ல தோத்து சரணடைஞ்ச அதே ஆளு. அவர நல்லவரா காட்ட இத விட நல்ல சீன் கெடைக்குமா சொல்லு, இந்தப் பிரிண்ட் வீடு வீடா போயிருக்கு. அந்தச் சின்னப் பையன் மூஞ்சிய மட்டும் பாருடி. உன் சின்னவனுக்கு என்ன வயசு இப்போ? எட்டுதானே? அவன் தெனம் அதுக்குக் கீழ உக்காந்து ஹோம்வொர்க் பண்றான்.

அப்பா செத்தப்புறம் அந்தப் பசங்கள கொண்டுவந்து வெச்சது எங்க, நம்ம வேலூர் கோட்டைல. அகழி ஓரமா நீயும் நானும் சைக்கிள் ஓட்டிப் பழகினோமே, அதே கோட்டை. 1806 ஜூலை 10 அங்க சிப்பாய்ங்க கம்பெனிய எதிர்த்து எழுந்தாங்க, அதுக்கப்புறம் மொத்தக் குடும்பத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பிட்டாங்க. ஹிஸ்டரி மிஸ் இத சொன்னப்ப நீதான் அழுத, ஞாபகம் இருக்கா, பாலா உனக்கு கர்சீப் குடுத்தாளே.

அந்த நடுப் படத்தக் கழட்டிடு வசந்தி. காசு போச்சேன்னு யோசிச்சா அந்த ஃப்ரேம வெச்சுக்கோ, உள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்புவோட தரியா தௌலத் மாளிகை சுவர்ல இருக்கற சண்டைப் படத்தோட பிரிண்ட் வாங்கிப் போடு. டூர்ல பாலா செருப்பத் தொலைச்சா பாரு, அதே இடம்தான். காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்ல 1780ல கம்பெனிப் படை தோத்தது, திப்பு 1784ல வரைய வெச்சது, கர்னல் பெய்லி பல்லக்குல உக்காந்து விரலக் கடிச்சிட்டிருப்பாரு, பக்கத்துல வெடிமருந்து வண்டி வெடிக்கும். அதுவும் ஜெயிச்சவன் வரைஞ்சதுதான், தெரியும். ஆனா மத்த ரெண்டும் அந்தப் பக்கம் நின்னு சொன்ன கதை, நடுவுல இந்தப் பக்கத்து ஆளு ஒருத்தராவது இருக்கட்டும். பையன் கேட்டா சொல்லலாம், உனக்கு நேரம் இல்லன்னா என்கிட்ட ஃபோன குடு, நான் சொல்றேன்.

கோவம் வந்தா திட்டி எழுது, ஆனா எழுது. அம்மா உன்ன ரொம்பக் கேட்டாங்க, லீவுக்கு பசங்களோட வேலூர் வா.

உன்
செல்வி