ஆத்துத் தண்ணிய விடியறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் ஆத்தோரமா குடியிருக்கிறவன். மாசத்துக்கு ஒரு தடவ தண்ணிய டெஸ்ட் பண்றவங்க வண்டில வந்து, பாலத்து மேல இருந்து கயித்துல பக்கெட்ட இறக்கி, நாலு பாட்டில்ல தண்ணி புடிச்சு ஐஸ் பெட்டில வச்சு எடுத்துட்டுப் போவாங்க. எப்ப வந்தாலும் காலைல பதினோரு மணி போலத்தான் வருவாங்க, அந்த நேரத்துல வெயில் பட்டு பாசியெல்லாம் ஆக்சிஜன விட்டுக்கிட்டு இருக்கும், ரீடிங் நல்லாத்தான் வரும். ஆனா ராத்திரி அதே பாசி ஆக்சிஜன இழுத்துக்கும், விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி அளவு அடிமட்டத்துக்குப் போயிடும். அஞ்சு மணிக்கு மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்து பொளந்து மூச்சுக்குத் தவிக்கிறத நான் எத்தன தடவ பாத்திருக்கேன், அது ஒண்ணும் அவங்க ரிப்போர்ட்ல ஏறாது.

தண்ணில இருக்கிற அழுக்கச் சிதைக்க கிருமிங்க எவ்ளோ ஆக்சிஜன இழுக்குதுன்னு பாக்கற பிஓடி டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, தண்ணிய 20 டிகிரில 5 நாளோ 27 டிகிரில 3 நாளோ வச்சுத்தான் ரிசல்ட் சொல்ல முடியும். ராத்திரி யாரோ திறந்துவிட்ட கழிவு அதுக்குள்ள எங்கயோ போயிருக்கும்.

அதனால செலவு பண்ற விதத்த மாத்தணும்னு சொல்றேன். வெப்பம், புளிப்பா காரமான்னு காட்டுற பிஎச், கலங்கல், உப்போட அளவக் காட்டுற கண்டக்டிவிட்டி, கரைஞ்ச ஆக்சிஜன், இந்த அஞ்சுக்கும் சென்சார் இருக்கு, தண்ணிக்குள்ளயே விட்டுட்டா கால் மணிக்கு ஒரு தடவ அளந்து சிம் கார்டு வழியா அனுப்பிடும். சாயக்கழிவு மாதிரி உப்புத்தண்ணி கலந்தா கண்டக்டிவிட்டி சட்டுனு எகிறும், அப்ப ஓடிப்போய் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புங்க. ஈயம், குரோமியம், பூச்சிமருந்து, மலக்கிருமி எல்லாம் இந்த சென்சார்ல தெரியாது, அதுக்கு லேப் வேணும்தான், லேப் டெஸ்ட்ட சுத்தமா நிறுத்தச் சொல்லல, நல்லா இருக்கிற நேரமா பாத்து டெஸ்ட் பண்ணி காச வீணாக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொண்ணு, மெஷின் வாங்க காசு குடுப்பாங்க, அத தொடைக்க ஆளு போட மாட்டாங்க. ஒரு தடவ சென்சார் ஒண்ண வெளிய தூக்கிக் காட்டினாங்க, மொனை முழுக்க பழுப்பா வழவழன்னு பாசி, நடுவுல குட்டி நத்தை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம்னு காட்டிட்டு இருந்தது மெத்து பிரஷ்ஷால தேச்சு உள்ள விட்டதும் 6க்கு வந்துச்சு! அதுவரைக்கும் வந்த கணக்கு அத்தனையும் பொய். வாரம் ஒரு தடவ தொடைக்கிற வேலைய கரையில இருக்கிற எங்ககிட்டயே குடுங்க, கத்துக் குடுத்தா செஞ்சிட்டுப் போறோம். ஆத்துல கல்லப் பெரட்டி மே ஃப்ளைங்கிற பூச்சியோட குஞ்சு இருக்கா, இல்ல வெறும் செவப்பா இருக்கிற ரத்தப்புழுதான் நெளியுதான்னு பாக்கறதுக்கு மெஷினே வேணாம், மே ஃப்ளை குஞ்சுக்கு ஆக்சிஜன் நல்லா இருக்கணும், ரத்தப்புழு கம்மி ஆக்சிஜன்லயும் தாக்குப்புடிக்கும்.

உங்க பேப்பர்ல தினமும் மழை அளவு, வெயில் அளவு போடுறீங்கல்ல, அதுக்குப் பக்கத்துலயே ஆத்துல முந்தின நாள் விடியக்காலைல ஆக்சிஜன் எவ்ளோ இருந்துச்சுன்னு ஒரு வரி போட முடியுமா? அந்த நம்பர யார் கேட்டாலும் குடுக்கணும்னு நீங்களும் எழுதுங்க ஐயா.

இப்படிக்கு,
ஆத்தோரத்து வாசகன்