எந்தப் படியில் அளந்தீர்கள்? கணினி மதிப்பாய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் மடிக்கணினிகளையும் பிராசசர்களையும் சோதித்து எண்களை வெளியிடும் நண்பர்களுக்கு,

வணக்கம். சிறு அலுவலகங்களுக்கும் கல்லூரி ஆய்வகங்களுக்கும் கணினி தெரிவு செய்து கொடுப்பது என் வேலை. பல சமயம் உங்கள் அட்டவணைகளைப் பார்த்துத்தான் எங்கள் கொள்முதல் பட்டியலே உருவாகிறது. உங்களில் சிலர் விண்டோஸ் முடிவுகளோடு, லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தில் கிடைத்த முடிவுகளையும் தரத் தொடங்கியிருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அட்டவணையின் அடியில் ‘லினக்ஸில் சோதிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு விவரம் முடிந்துவிடுகிறது. பட்டணம் படியா, சின்னப் படியா என்று சொல்லாமல் ‘பத்துப் படி நெல்’ என்று எழுதினால் வாங்குபவனுக்கு என்ன தெரியும்?

குறை சொல்லும் தகுதி எனக்கு என் தவற்றிலிருந்துதான் வந்தது. சென்ற ஆண்டு ஒரே மாடல் மடிக்கணினிகள் இரண்டை மேசையில் வைத்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைக் கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்ற, எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். ஒன்று முடித்து விசிறி அடங்கிக் கிடக்க, மற்றது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. பழுதான இயந்திரம் என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். அதன்பிறகுதான், என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று காட்டும் டாப் கட்டளையைத் தட்டிப் பார்க்கத் தோன்றியது. பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மின்சிக்கன நிலையும் மாற்றப்படாமல் அப்படியே இருந்தது. பழுது மடிக்கணினியில் இல்லை, நான் நிறுவிய விதத்தில் இருந்தது.

இவையாவது கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். தெரியாதவை வழங்கலுக்குள்ளேயே இருக்கின்றன. வழங்கல் என்பது கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் லினக்ஸ் தொகுதி; ஃபெடோரா, டெபியன், உபுண்டு எல்லாம் அப்படிப்பட்டவை. எந்த வேலை பிராசசரின் எந்தக் கோருக்கு (கணிப்பு அலகுக்கு) எப்போது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர், 2007 முதல் இருந்துவந்த முறையை விட்டு, 2023 அக்டோபரில் வந்த 6.6 கெர்னலில் புதிய முறைக்கு மாறியது. ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் 2020 முதல் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையில்) தன்னை நிறுவிக்கொள்கிறது. டெபியன் இயல்பாக எக்ஸ்ட்4 என்ற வேறொரு முறைமையைத் தருகிறது. ஆகவே வட்டில் அடிக்கடி எழுதும் தரவுத்தளச் சோதனையில் இவ்விரண்டின் எண்களையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. உபுண்டு 24.04-இல், நிரல் எங்கே நேரத்தைச் செலவிடுகிறது என்று ஆராய்பவர்களுக்கு உதவுவதற்காக, சிறிதளவு வேகத்தை விட்டுக்கொடுத்தே மென்பொருள் தொகுப்புகளைக் கம்பைல் செய்கிறார்கள். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் அட்டவணையில் அந்த இழப்பு பிராசசரின் கணக்கில் ஏறிவிடுகிறது. ‘உபுண்டு 24.04’ என்று பெயரைக் குறிப்பிட்டுவிட்டால் போதும் என்றும் எண்ண வேண்டாம்: அது முதலில் 6.8 கெர்னலோடு வந்தது, 24.04.2 பதிப்பு 6.11-உடன், 24.04.3 பதிப்பு 6.14-உடன். பெயர் ஒன்று, கெர்னல் பல.

எனவே எதைத் தேர்ந்தெடுப்பது? ‘எதில் எண் அதிகம் வருகிறதோ அதை’ என்ற ஆசை இயல்பானது. இன்டெல் நிறுவனத்தின் கிளியர் லினக்ஸ் அந்த ஆசைக்கு வெகுகாலம் தீனி போட்டது. வேகத்துக்காகவே இழைத்து இழைத்துச் செய்த வழங்கல் அது, ஏஎம்டி பிராசசர்களில்கூட நன்றாகவே ஓடியது. 2025 ஜூலையில் இன்டெல் அத்திட்டத்தை உடனடியாக நிறுத்துவதாக அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்களும் அன்றோடு நின்றன. அதை அளவுகோலாக வைத்திருந்தவர்களின் பழைய எண்களுக்குத் துணையாக இனி புதிய எண் வரப்போவதில்லை. தினமும் மாறும் ஆர்ச் போன்ற வழங்கல்களை நான் வீட்டில் விரும்பிப் பயன்படுத்துபவன். ஆனாலும் திங்கட்கிழமை அளந்ததை வெள்ளிக்கிழமை அளந்ததோடு ஒப்பிட வேண்டிய மேசைக்கு அவை ஒத்துவரா.

என் பரிந்துரை டெபியன் 13. 2025 ஆகஸ்டில் வந்தது. தன் ஆயுட்காலம் முழுவதும் 6.12 கெர்னல் வரிசையிலும் ஜிசிசி 14 கம்பைலரிலும் நிற்கப்போவது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. டெபியன் தன் தொகுப்புகளை 2005 முதல் தேதிவாரியாகச் சேமித்துவைக்கும் ஒரு காப்பகத்தை நடத்துகிறது. நீங்கள் சோதித்த நாளைச் சொன்னால் போதும், நான் ஓராண்டு கழித்தும் அதே நாளின் தொகுப்புகளை எடுத்து அதே அமைப்பை நிறுவிவிடலாம். விரும்பினால் முழு வட்டு நகலையே நீங்கள் வாசகர்களுக்குக் கொடுக்கலாம். விண்டோஸில் உரிமம் அதற்கு இடம்தராது. திறமூல இயங்குதளத்தை நான் வலியுறுத்துவது விலைக்காக அன்று, இந்த மறுசோதனைக்காக.

இதில் ஒரு சங்கடம் இருப்பதை மறைக்கவில்லை. நேற்று கடைக்கு வந்த பிராசசரை, டெபியன் 13 போல மாறாமல் நிற்கும் நிலைப்பதிப்பின் கெர்னல் முழுமையாக அறிந்திருக்காது. பெரிய கோர்களும் சிறிய கோர்களும் கலந்த பிராசசர்களில் வேலைப் பகிர்வே பிசகலாம், கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாமலும் போகலாம். அத்தகைய இயந்திரத்துக்கு மட்டும் நிலைப்பதிப்புக்கேற்பப் புதிய மென்பொருள்களைத் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை நிறுவுங்கள். ஆனால் அட்டவணையில் அந்த இயந்திரத்தின் வரிசைக்குப் பக்கத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள். முடிந்தால் ஒப்பிடும் பழைய இயந்திரத்தையும் அதே கெர்னலில் மறுபடி ஓட்டுங்கள்.

சோதனைகளை ஓட்ட ஃபோரானிக்ஸ் டெஸ்ட் சூட் என்ற திறமூலக் கருவி 2008 முதல் கிடைக்கிறது. ஒரே சோதனையைப் பலமுறை ஓட்டி, முடிவுகள் அதிகம் சிதறினால் தானே கூடுதலாக ஓட்டுகிறது, இயந்திர விவரங்களையும் பதிந்துகொள்கிறது. ஆனால் அதன் சோதனைகளில் பல உங்கள் கணினியில் உள்ள கம்பைலரைக் கொண்டே உருவாக்கப்படுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு வழங்கல்களில் ஓட்டினால் நீங்கள் இரண்டு கம்பைலர்களையும் சேர்த்தே அளக்கிறீர்கள்.

இத்தனை விவரம் கேட்பது மிகை என்று தோன்றலாம். பிராசசர் சோதனைகளுக்கு நெறிமுறை வகுக்கும் ஸ்பெக் அமைப்பு, முடிவை வெளியிடுபவர் இயங்குதளப் பதிப்பையும் கோப்பு முறைமையையும் கம்பைலர் தெரிவுகளையும் முழுமையாக வெளியிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த விவரங்கள் இருந்ததால்தான், இன்டெல் கம்பைலரின் சில பதிப்புகள் ஒரு குறிப்பிட்ட சோதனையை முன்கூட்டி அறிந்து அதற்கென்றே வேகம் கூட்டியது தெரிந்தபோது, எந்தெந்த முடிவுகள் அதில் அடங்கும் என்று 2024-இல் இனங்காண முடிந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த மதிப்பாய்வில் எண்களுக்குக் கீழே வழங்கல், கெர்னல், கம்பைலர், கோப்பு முறைமை, மின்சிக்கன நிலை, சோதித்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். அதே தேதியின் தொகுப்புகளை நிறுவி, அதே மாடல் என் மேசைக்கு வரும்போது நானும் ஓட்டி, என் எண்ணை உங்களுக்கு அனுப்புகிறேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பிழை யார் பக்கம் என்று சேர்ந்தே தேடுவோம். முதலில் டாப் கட்டளையை நானே தட்டிப் பார்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைகளை அடிக்குறிப்பு வரை படிக்கும் வாசகன்