மலைமேல் இருந்த விடுதிப்பள்ளியும் அதே மலையின் தமிழ்ப் பிள்ளைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1925-இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட ‘தங்ளின்’ (Tanglin) பள்ளி நூறாண்டைக் கடந்துவிட்டது. அப்பள்ளியை நிறுவியவர் மலாயாவின் கேமரன் மலையில் ஒரு விடுதிப்பள்ளியையும் நடத்தினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த வரலாற்றின் ஓரத்தில் நம் மக்களும் நிற்கிறார்கள் என்பதால் இதனை எழுதுகிறேன்.

அக்காலத்தில் இங்கு வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்கள், வெப்பமண்டலத் தட்பவெப்பம் வளரும் பிள்ளைகளுக்கு ஆகாது என்ற நம்பிக்கையினாலும், தங்கள் நாட்டுக் கல்வியே வேண்டும் என்ற விருப்பத்தினாலும், ஏழெட்டு வயதிலேயே பிள்ளைகளைக் கப்பலேற்றித் தாய்நாட்டு விடுதிப்பள்ளிகளுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அதன்பின் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்க்கச் சில ஆண்டுகள்கூட ஆகும். அந்தப் பிரிவைச் சற்றேனும் தள்ளிப்போட வேண்டும் என்று எண்ணிய குமாரி ஆன் கிரிஃபித் ஜோன்ஸ், தங்ளின் கிளப் வளாகத்தில் ஒருசில சிறுவர்களோடு பள்ளியைத் தொடங்கினார். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு இதே துறைமுகத்தில் வந்திறங்கி, பிள்ளையின் முகத்தை ஆண்டுக்கணக்கில் காணாமல் உழைத்த தமிழர்களின் வழிவந்த நமக்கு அந்தப் பெற்றோரின் வேதனை புரியாத ஒன்றன்று.

1934-இல் அவர் அடுத்த படியை எடுத்துவைத்தார். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், இரவில் கம்பளி தேவைப்படும் குளிரில், கேமரன் மலையில் விடுதியுடன் கூடிய பள்ளி திறக்கப்பட்டது. பிரிட்டனின் உயர்நிலை விடுதிப்பள்ளிகளில் சேர்வதற்குப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் ஆயத்தப் பள்ளிகளின் மரபில் வந்தது அது. சிங்கப்பூரிலிருந்து செல்பவர்கள் ஜோகூர்ப் பாலத்தைக் கடந்து ரயிலில் வடக்கே நெடுந்தூரம் போய், மலையடிவார ஊரான தாப்பாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் பயணம் செய்ய வேண்டும். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும் அந்தப் பாதையில் இன்று போகும் பெரியவர்களே திணறிவிடுகிறார்கள். பெட்டியும் கையுமாகப் போன அந்தச் சிறுவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால், அந்தச் சாலை தானாக உருவாகிவிடவில்லை. மலாயாவின் சாலைப் பணிகளிலும் ரயில் பாதைப் பணிகளிலும் பெரும்பங்கு தமிழ்த் தொழிலாளர்களுடையது. ‘போ’ (Boh) என்ற தேயிலைத் தோட்டம் 1929-இல் அதே மலையில் தொடங்கப்பட்டபோது காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு என்ன பள்ளி இருந்தது? கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். நடைமுறையில் பல தோட்டங்களில் அது ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்ற அளவில் நின்றுவிட்டது. போருக்குப் பின் அத்தகைய தோட்டப் பள்ளி ஒன்றில் படித்தவர் என் தாயார். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே தரையில் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்களாம். ஒரு வரிசை சிலேட்டில் அரிச்சுவடி எழுதும்போது அடுத்த வரிசை வாய்ப்பாடு ஒப்பிக்குமாம். கொழுந்து பறிக்கும் பருவம் உச்சத்திலிருக்கும்போது பெரிய பிள்ளைகளின் இடம் காலியாக இருக்கும் என்றும் அவர் சொல்வார். அவருக்குக் கணக்கு நன்றாக வரும். மேலே படிக்க வழியில்லை.

இதனால் கிரிஃபித் ஜோன்ஸ் அம்மையாரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டபோதும், அங்கிருந்த பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடக் கூடாதென்று அவர் வகுப்பு நடத்தினார். போதிய உணவோ, ஏடோ எழுதுகோலோ இல்லாத இடத்தில் அதைச் செய்யப் பெரும் மனத்திண்மை வேண்டும். போர் முடிந்ததும் பள்ளியை மீண்டும் எழுப்பினார். கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியால் 1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் மலைச்சாலைப் பயணம் ஆபத்தாகிவிட, கேமரன் மலைப் பள்ளி நிலைக்கவில்லை. பின்னர் பிரிட்டிஷ் ராணுவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான ஸ்லிம் பள்ளி 1951-இல் அம்மலையில் தொடங்கியது. சிங்கப்பூர்ப் பள்ளி மட்டும் வளர்ந்து இன்றுவரை நீடிக்கிறது.

பள்ளி வரலாறுகள் பெரும்பாலும் நிறுவனரையும் கட்டடத்தையும் புகழ்பெற்ற மாணவரையும் சொல்லி முடிந்துவிடுகின்றன. அதே மலையில், அதே ஆண்டுகளில், சில மைல் தொலைவில் சிலேட்டோடு அமர்ந்திருந்த பிள்ளைகளைச் சேர்த்து எழுதினால்தான் காலனித்துவக் காலக் கல்வியின் முழு உருவமும் தெரியும் என்பது என் உறுதியான கருத்து. இருதரப்பையும் அருகருகே வைத்துத் தமிழில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையையேனும் நம் மாணவர்கள் படிக்க வேண்டும்.

மலாயாத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கு ஏராளம். தோட்டப் பள்ளியில் படித்தவர்கள், துரைமார் வீடுகளிலும் விடுதிகளிலும் சமையற்காரராக, ஆயாவாக, தோட்டக்காரராக வேலை செய்தவர்களின் பிள்ளைகள் எனப் பலர் எண்பது வயதைத் தாண்டி நம்மிடையே வாழ்கிறார்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இத்தகைய நினைவுகளைப் பதிவு செய்து வருகிறது. அந்நிலையம் தோட்டப் பள்ளி அனுபவங்களைத் தமிழிலேயே தனித் தொகுப்பாகத் திரட்ட முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் வாரம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்கி, அவர்களின் பள்ளி நினைவுகளையும், வீட்டில் எஞ்சியிருக்கும் பழைய வகுப்புப் புகைப்படங்களையும் வெளியிட வேண்டும். என் தாயாரிடமிருந்து கேட்டு எழுதிவைத்துள்ள குறிப்புகளை முதலாவதாக அனுப்பி வைக்க அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிங்கப்பூர்