ஆண் கடலும் கறுப்பு ஃபில்டரும்

ஆசிரியருக்கு,

தனுஷ்கோடி தேவாலயத்தைப் படம் எடுத்தாலே அது கலைப்படம் என்ற எண்ணம் பரவிக் கிடக்கிறது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த அந்தச் சுவர்களை நானும் 200 முறையாவது எடுத்திருப்பேன். மண்டபம் ஊரில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். விடிகாலை மட்டும்தான் எனக்குச் சொந்தம். அந்த 200-இல் வீட்டில் மாட்டத் தகுந்தது ஒன்றுகூட இல்லை. படத்தில் இருந்த சோகம் அந்த இடத்துடையது, என்னுடையது அல்ல.

சரி என்று தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனைப் பக்கம் கடலை மட்டும் எடுக்க ஆரம்பித்தேன். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு ஃபில்டர். வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். நொடியில் முப்பதில் ஒரு பங்கில் முடிகிற படத்துக்கு அரை நிமிடம் நிற்க வேண்டும். அலையெல்லாம் கரைந்து பனிமூட்டம்போல ஆகிவிடும். கச்சான் காற்றில் ட்ரைபாட் நடுங்கும். பையில் மணலை அள்ளிப்போட்டு அதில் தொங்கவிடுவேன்.

ஒரு நாள் வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் திரையைப் பார்த்தார். "இது ஆண் கடலா தம்பி? இப்படிச் சாதுவா இருக்காதே!" மன்னார் வளைகுடாதான் எங்களுக்கு ஆண் கடல், பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். என் ஃபில்டர் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது. அப்புறம் ஆண் கடல் இருக்கும் தென்பக்கம், வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டரை அரை நொடிக்கு மேல் திறப்பதில்லை. அலையின் முதுகு தெரிய வேண்டும்.

வாசகர் படங்களை வெளியிடும்போது ஷட்டர் வேகத்தையும் சேர்த்துப் போடுங்களேன்.

– ஒரு ஸ்டுடியோக்காரர், மண்டபம்