கொல்லைக் கோழிக்கும் இழப்பீடு உடனே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது முதல், 2014-இல் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளிடையே பரவியது வரை, நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள பறவைகளைக் கொன்று அகற்றுவதே நம் முதன்மையான தற்காப்பாக இருந்து வருகிறது. அது தேவையானதே.

ஆனால், எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, பஞ்சாரத்துக்குள் கொண்டை நீலம் பாரித்துச் செத்துக் கிடந்த இரண்டு கோழிகளை யாரிடமும் சொல்லாமல் வாய்க்காலில் வீசிவிட்டு, மீதி ஐந்தையும் அன்றே சந்தைக்கு அனுப்பிவிட்டார். அது பறவைக்காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம், வெள்ளைக்கழிச்சல் என்ற வேறு கோழிநோயாகவும் இருந்திருக்கலாம். பரிசோதிக்காமல் எப்படித் தெரியும்? சொன்னால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள், பணம் எப்போது கிடைக்குமோ என்று அஞ்சிய அவரை நான் குறைகூற மாட்டேன்.

பறவைகளை அழிக்கும் நாளிலேயே உரியவர் கையில் இழப்பீடு சேர அரசு வழிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாமக்கல் மாவட்டம்.