சால்ட் ஸ்ப்ரே சான்றிதழை மட்டும் நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரியில் ஜிப்லைன், கயிற்றுப்பாலம் அமைப்போர் ஆளைத் தாங்கும் அலுமினியப் பாகங்களுக்கு சால்ட் ஸ்ப்ரே என்னும் அரிப்புச் சோதனையின் சான்றிதழைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. அந்தச் சோதனையில் 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புநீரைத் தூவுகிறார்கள். பாகத்தின் மேல் பாரமே இருக்காது. 7075 போன்ற வலிமை மிக்க அலுமினியக் கலவையில் ஆபத்து வேறு. துளையில் இறுக்கி அடித்த புஷ்ஷும் (உலோகக் குழாய்த் துண்டு) முறுக்கிய போல்ட்டும் உலோகத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்க, உள்ளே உலோகப் படிகத் துகள்களின் எல்லைகள் வழியாக விரிசல் ஓடும். வெளியே அரிப்பு அதிகம் தெரியாது. மலையில் கடல் உப்பு ஏது என்று கேட்பார்கள். ஈரக் காற்றே போதும். மழைக்காலத்தில் அதற்கு இங்கே பஞ்சமில்லை.

இதற்கான சோதனை ஏஎஸ்டிஎம் ஜி44 என்ற அமெரிக்கத் தர முறை. இழுவிசை ஏற்றிய துண்டை 3.5 சதவீத உப்புநீரில் 10 நிமிடம் முக்கி, 50 நிமிடம் காயவிட்டு, மணிக்கு மணி திரும்பச் செய்ய வேண்டும். தகட்டின் தடிமன் திசையில் எடுத்த துண்டுக்கு, 7075 அடங்கிய 7000 வரிசைக் கலவையானால் 20 நாள், செம்பு சேர்ந்த 2000 வரிசையானால் 10 நாள். நீளவாக்கில் வெட்டினால் மோசமான உலோகமும் பெரும்பாலும் தேறிவிடும். தடிமன் திசையில், டி6 பதத்தில் (வெப்பமூட்டிப் பதப்படுத்திய நிலை) 7075 சுமார் 50 மெகாபாஸ்கல் இழுவிசையிலேயே விரிசல் விடும். டி73 பதத்தில் அதே கலவை சுமார் 300 வரை தாங்கும். பதிலுக்கு வலிமை 10 முதல் 15 சதவீதம் குறையும். உயிர் தொங்கும் இடத்தில் அந்த நஷ்டம் பெரிதல்ல.

துண்டை ‘சி’ வடிவ வளையமாக வெட்டி, போல்ட்டால் இறுக்கி இழுவிசை ஏற்றுவதுண்டு. அந்த போல்ட் எஃகு என்றால் மின்காப்பு அவசியம், இல்லாவிட்டால் இரு வேறு உலோகங்கள் தொடுவதால் வரும் கால்வானிக் அரிப்பு முடிவைக் கெடுத்துவிடும். ஆவியாகும் அளவுக்குத் தினமும் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, கரைசலை வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். முடிவில் படிவைக் கழுவி லென்ஸில் பாருங்கள். சந்தேகமிருந்தால் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் வெறும் அரிப்புக் குழியா, கிளைவிட்ட விரிசலா என்பது தெரியும்.

மலையில் சோதிப்போருக்கு இன்னொன்று. அறையில் 27 டிகிரி வெப்பமும் 45 சதவீத ஈரப்பதமும் இருக்க வேண்டும். ஜூலை மாத உதகையில் ஜன்னலைத் திறந்து வைத்தால் 50 நிமிடத்தில் துண்டு காயாது. காயும்போது உப்பு செறிவாவதுதான் இந்தச் சோதனைக்குக் கடுமையைத் தருகிறது. ஆகவே அறையின் வெப்பமும் ஈரப்பதமும் குறிக்கப்படாத அறிக்கையை ஏற்க வேண்டாம்.

கொள்முதல் ஆணையில் பதம், துண்டின் திசை, ஏற்றிய இழுவிசை, நாள் நான்கையும் எழுதிக் கேளுங்கள். பதம் மாறினால் மின்கடத்தலும் மாறும்; ஆகவே சரக்கு வந்ததும், உலோகத்தை வெட்டாமலே மின்கடத்தலை அளக்கும் எடி கரண்ட் மீட்டரை வைத்துப் பாருங்கள். செம்பை 100 எனக் கொண்ட அளவில் 38-க்குக் கீழே காட்டினால் அந்த 7075-ஐ டி73 என்று ஏற்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உலோகப் பரிசோதனைப் பொறியாளர்கள்,
குன்னூர்