கின்சேலில் நடந்த மரண விசாரணை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு முழுநேர அரசியலில் இறங்கலாமா என்று உன் மகன் கேட்பதாக எழுதியிருந்தாய். அவன் அயர்லாந்தின் கார்க் நகரத்துச் சொலிசிட்டர் (சட்ட ஆலோசனை தரும் வழக்கறிஞர்) ஜான் ஹோர்கனைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

1881இல் பிறந்த ஹோர்கனுக்கு அரசியல் வீட்டிலேயே வாய்த்தது. அவருடைய தந்தையும் சொலிசிட்டர்தான். கார்க் தொகுதியில், அயர்லாந்துத் தன்னாட்சி இயக்கத்தின் தலைவர் பார்னெலுக்குத் தேர்தல் முகவராக இருந்தவர். அந்தத் தந்தையின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவரே பார்னெல். மகனான ஹோர்கன், பின்னாளில் அந்த இயக்கத்தின் தலைவரான ரெட்மண்டின் பக்கம் நின்று, ஆயுதமின்றிச் சட்டத்தின் வழியாகவே அயர்லாந்துக்குத் தன்னாட்சி கிடைக்கும் என்று உறுதியாக நம்பினார். அதே வேளையில், கார்க் பகுதியின் கடலோர ஊரான கின்சேல் வட்டாரத்தில், இயற்கைக்கு மாறான மரணங்களை ஜூரிகளுடன் விசாரிக்கும் மரண விசாரணை அதிகாரி பொறுப்பும் அவரிடம் இருந்தது.

முதல் உலகப் போரின்போது, 1915 மே 7 அன்று லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல், கின்சேல் முனைக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கியின் தாக்குதலுக்கு உள்ளாகி, 18 நிமிடங்களில் மூழ்கியது. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். பெரும்பாலான உடல்கள் குயின்ஸ்டவுன் துறைமுகத்துக்குப் போயின. ஐந்து உடல்கள் மட்டும் கின்சேலில் கரை சேர்க்கப்பட்டன. அந்த ஐந்து உடல்களே தமக்கு அதிகார வரம்பைத் தருகின்றன என்று கண்ட ஹோர்கன், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல், மறுநாளே பழைய சந்தைக் கட்டடத்தில் விசாரணையைத் தொடங்கிவிட்டார். ஜூரிகளாக அமர்ந்தவர்கள் உள்ளூர்க் கடைக்காரர்களும் மீனவர்களுமாகப் பன்னிரண்டு பேர். மே 10 அன்று கப்பல் தலைவர் டர்னர் சாட்சி சொன்னார். கடற்படை தமக்கு அனுப்பிய உத்தரவுகளின் விவரத்தை வெளியிடத் தமக்கு உரிமையில்லை என்றார். முடிவில் ஹோர்கன் இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னபோது, அந்த முதிய மாலுமி தலைகுனிந்து அழுதுவிட்டார். நீர்மூழ்கியின் அதிகாரிகளும், அவர்களுக்கு ஆணையிட்ட ஜெர்மன் பேரரசரும் அரசாங்கமும் வேண்டுமென்றே செய்த கொலை இது என்று ஜூரிகள் தீர்ப்பளித்தனர். விசாரணையை நிறுத்தச் சொல்லும் கடற்படைத் தலைமையகத்தின் உத்தரவு, எல்லாம் முடிந்து அரைமணி நேரம் கழித்தே வந்து சேர்ந்தது. கப்பலைக் காப்பதில் பிந்தியது போலவே இதிலும் அவர்கள் பிந்திவிட்டார்கள் என்று ஹோர்கன் பின்னாளில் எழுதினார்; அந்தக் கோபம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

1918 தேர்தலில், முழு விடுதலை கோரிய சின் ஃபெய்ன் கட்சி அயர்லாந்தில் 73 இடங்களை வென்றது; ரெட்மண்டின் கட்சிக்கு ஆறே இடங்கள் மிஞ்சின. காற்று திசைமாறியதும் கட்சி மாறியவர்கள் பலர் இருக்க, ஹோர்கன் மாறவில்லை. ஆனாலும் ஒதுங்கிவிடாமல் தொழிலைத் தொடர்ந்தபடியே, துறைமுக வாரியத்திலும் நகராட்சிச் சீர்திருத்தத்திலும் உழைத்தார். நகரத்தின் அன்றாட நிர்வாகத்தைத் தகுதிவாய்ந்த ஒரு மேலாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடிய முறை, 1929இல் கார்க் நகரத்துக்கான தனிச் சட்டத்தின் மூலம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அதே முறை அயர்லாந்தின் மற்ற நகரங்களுக்கும் பரவியது.

அந்தத் தொழில் கையில் இருந்ததால்தான் கட்சி வீழ்ந்த பிறகும் அவரால் பொதுவாழ்வில் நிற்க முடிந்தது என்பது என் எண்ணம். இதை உன் மகனிடம் சொல். உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது: கடற்படையின் உத்தரவுகளைக் கப்பல் தலைவர் சொல்ல மறுத்த நிலையில், ஹோர்கன் விசாரணையை ஒத்திவைத்து அவற்றைக் கேட்டுப் பெற்றிருக்க வேண்டாமா? காத்திருந்தால் விசாரணையே நின்றுபோயிருக்கும் என்பது என் பதில். குற்றவியல் வழக்குகளில் பழகிய நீ என்ன நினைக்கிறாய் என்று விரிவாக எழுது.

அன்புடன்,
ராமநாதன்